இன்றைய தேதி போட்ட நகல்

ஒரு கையால் மாமனாரின் வாயைத் துடைத்துக்கொண்டே, மறு கையிலிருந்த போனைப் பார்த்து மருமகள் திரும்பவும் படித்தாள். வெளிநாட்டில் வேலை பார்க்கும் புருஷன் அங்கே வாங்கப் பார்த்துவைத்திருக்கும் வீட்டின் பதிவு நகல் அது. சாயங்காலத்துக்குள் சரி என்று சொல்லாவிட்டால் தரகர் வேறு ஆளுக்குத் தள்ளிவிடுவார். கல்யாணமான நாளிலிருந்து போனிலேயே குடித்தனம் நடத்துகிறாள். இதுவும் கைநழுவினால் இன்னும் எத்தனை வருஷமோ.

"உரிமையாளர் ஒருத்தர்தான் மாமா. வில்லங்கம் எதுவும் இல்ல."

"விக்கிறவனுக்குக் கூடப்பிறந்தவங்க?"

"நேத்தே விசாரிச்சாச்சு. யாரும் இல்ல."

"நகல் என்னைக்கு எடுத்தது?"

"போன வாரம்."

"நடுவுல அவன் எங்கயாவது அடமானம் வச்சிருந்தா? இன்னைக்குத் தேதிக்கு எடுக்கச் சொல்லு."

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மூச்சு விடவே திணறுகிற மனிதருக்குக் குறுக்குக் கேள்வி கேட்க மட்டும் எங்கிருந்துதான் தெம்பு வருகிறதோ! ஒன்றைச் சரிபார்த்து முடித்தால் அடுத்ததைக் கிளப்புகிறார்.

"நான் அங்க போறது உங்களுக்குப் பிடிக்கல. அதை வாயைத் திறந்து சொல்லிடுங்களேன். ஏன் மாமா இப்படி உயிரை வாங்குறீங்க?"

அவர் சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அடுப்படிக்குப் போய்ப் புருஷனை அழைத்தாள். "அவருக்குத்தான் வேற வேலை இல்ல, உனக்குமா?" என்று எகிறியவன், கட்டணம் கட்டிப் புது நகலை எடுத்து அனுப்பினான். இன்றைய தேதி. வில்லங்கம் ஏதுமில்லை. இப்போது என்ன சொல்கிறார் பார்க்கலாம் என்று வீறாப்பாக உள்ளே போனாள்.

"இந்தாங்க மாமா, நீங்க கேட்ட தேதி."

அவர் திரும்பவில்லை. தோளைத் தொட்டுப் பார்த்தாள். காட்டுவதற்கு ஆள் இல்லை. ஜெயித்த சண்டையைக் கையில் வைத்துக்கொண்டு அழுதாள்.

டாக்டர் வந்து பார்த்துவிட்டுப் போனார். பக்கத்து வீட்டார் நாற்காலிகளைக் கொண்டுவந்து போட்டார்கள். ஊருக்கு வர விமான டிக்கெட் எடுத்துவிட்டுப் புருஷன் மறுபடி அழைத்தான்.

"தரகர் நச்சரிக்கிறார். அதான் எல்லாம் பார்த்தாச்சே. சரின்னு சொல்லிடவா?"

சொல்லுங்க என்றுதான் வாயெடுத்தாள். கண் கட்டில் பக்கம் போனது.

"என்னங்க, அந்த வீட்டுக்குப் போற வழி யார் பேர்ல இருக்கு? அதை நாம பார்க்கவே இல்லையே."

கத்தப்போகிறான் என்று போனைக் காதிலிருந்து தள்ளிப் பிடித்தாள். அவன் கத்தவில்லை.

"இன்னைக்குள்ள பார்க்க முடியாது" என்றான். "வீடு போனா போகட்டும். விசாரிக்கிறேன்." மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. "அப்பா வேற என்னெல்லாம் கேட்டார்?"

அவள் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, ஒவ்வொன்றாகச் சொல்ல ஆரம்பித்தாள்.