சனிக்கிழமைச் சோறு

பொன்னுதுரையை நான் மனுஷன் கணக்கில் சேர்ப்பதில்லை. காஜா பெராங்கில் எங்கள் வரிசையில் சட்டைக்குக் கஞ்சி போட்டு ஆபீசில் கணக்கெழுதப் போகிற ஒரே கிராணி அவன். நான் ஆஸ்பத்திரியில் புண் கழுவுகிற ஆயா. பக்கத்து வீட்டில் பதினொரு வருஷம் இருந்தும் அவன் வாயில் நான் "இந்தாம்மா"தான். அது கிடக்கட்டும். அவனுக்கு வாய்த்த மூளையைப் பற்றிச் சொல்கிறேன்.

மெர்டேக்கா என்கிற சுதந்திரம் வரப்போகிற வருஷம். வெள்ளைக்காரத் துரைகள் ஒவ்வொருவராய்ப் பெட்டி கட்டிக்கொண்டிருந்தார்கள். மேலே இருப்பவர்கள் நகர நகர, கீழே நாற்காலிகள் காலியாயின. பொன்னுதுரைக்குப் பெரிய கிராணி நாற்காலிமேல் கண். வேலையை ஒழுங்காகச் செய்து பார்ப்போமே என்று தோன்றவில்லை, ஜோசியரிடம் போனான். சனி பிடித்திருக்கிறது, கறுப்பு நாய் ஒன்று வளர்த்து சனிக்கிழமை தோறும் உன் கையால் சோறு போடு என்றார் ஜோசியர். மகானும் புக்கிட் ரம்பாயிலிருந்து ஒரு கறுப்புக் குட்டியைக் கொண்டுவந்தான். அதற்கு முனிசிபல் லைசென்ஸ் எடுத்தான். கொல்லையில் கம்பியால் கழுத்தைக் கட்டினான். சனிக்கிழமை தோறும் சோறு போட்டான்.

சனிக்கிழமை மட்டும்.

"மத்த நாளு அது என்னா திங்கும்?" என்று வேலிக்கு மேலே அவன் பெண்டாட்டி சிவகாமசுந்தரியைக் கேட்டேன்.

"மத்த நாளு போட்டா பலன் போயிருமாம். ஜோசியரு சனிக்கிழமைன்னுதானே சொன்னாரு?"

தூ! இதற்குப் பெயர் பக்தியாம். நான் வேலி மேலாக எறிந்ததில் கம்பி எட்டிய தூரத்தில் விழுந்ததைக் குட்டி தின்றது, மிச்சத்தை மைனா தின்றது. பட்டினி கிடந்தாலும் குட்டி வளரத்தான் செய்தது. கம்பி வளரவில்லை.

ஏப்ரல் மாதம், ஒரு வியாழக்கிழமை. குட்டி கட்டை அறுத்துக்கொண்டு அவர்கள் அடுப்படியில் நுழைந்து மீன் சட்டியில் வாய் வைத்துவிட்டது. கிராணி முக்காலியைத் தூக்கி அடித்தான். பின்னங்கால் உடைந்தது. அப்படியே தூக்கி வாசல் சாக்கடையில் வீசிவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு ஆபீசுக்குப் போய்விட்டான். சாயங்காலம் நான் வேலை முடிந்து வரும்வரை அது அங்கேயே கிடந்தது. கோயிலுக்குப் போன சனமெல்லாம் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு தாண்டிப் போயிருக்கிறது. புண்ணியவான்கள்!

தூக்கினேன். கடித்தது. கடிக்கட்டும், அதற்கு வேறு என்ன தெரியும்? கழுத்துக் கம்பி சதைக்குள் புதைந்து, சுற்றிலும் புழு நெளிந்தது. டர்பன்டைனைச் சொட்டுச் சொட்டாய் விட்டுப் புழுவை ஒவ்வொன்றாய் எடுத்தேன். கம்பியை வெட்டி உருவி, பெர்மாங்கனேட் தண்ணீரில் கழுவினேன். மூங்கில் பத்தையைச் சீவி, பஞ்சு வைத்து, காலை நேராக்கிக் கட்டினேன்.

புண்ணைவிட அதன் வயிறுதான் என்னை அதிகம் படுத்தியது. கஞ்சி வைத்தால் வாந்தி வரும்வரை தின்னும், அந்த வாந்தியையும் தின்னும். இனி அடுத்த சனிக்கிழமைதானே என்று அதற்கு நினைப்பு. இரண்டு மணிக்கொரு தரம் கொஞ்சம் கொஞ்சமாய்க் கொடுத்தால்தான் உயிர் தங்கும். நான் வேலைக்குப் போனால் யார் கொடுப்பார்கள்? என் வீட்டுக்கு மறுபக்கத்து வீட்டு பீவிதான் வந்தாள். அவள் மார்க்கத்தில் நாயைத் தொடுவதில்லை.

"நா தொட மாட்டேன் புள்ள. அதுக்காகப் பட்டினி போடச் சொல்லுதா மார்க்கம்?" என்றாள். நீளக் கம்பு ஒன்றால் கிண்ணத்தைத் தள்ளித் தள்ளியே ஆறு வாரம் சோறு போட்டாள். அந்தத் தெருவில் நான் மதிக்கிற ஒரே ஆள் அவள்.

கட்டைப் பிரித்தேன். எலும்பு அழகாய்க் கூடியிருந்தது. ஆனால் குட்டி காலை ஊன்றவில்லை. ஞாயிறு தோறும் ரோத்தான் பிரம்புக் கூடையில் வைத்து, மேலே துணி மூடி, பஸ் கண்டக்டர் கண்ணில் படாமல் கிளேபாங் கடற்கரைக்குக் கொண்டுபோனேன். ஈர மணலில் இடுப்பைப் பிடித்து நடக்கவிட்டேன். நாலாவது ஞாயிறு நாலு காலையும் ஊன்றி ஓடியது. பைத்தியக்காரி மாதிரி தனியாக நின்று கை தட்டினேன். எனக்கு அவ்வளவு சந்தோஷம்!

ஆகஸ்டு பிறந்தது. பெரிய கிராணி நாற்காலி வேறொருவருக்குப் போயிற்று என்று தெருவே பேசிக்கொண்டது. முதல் சனிக்கிழமை காலை பொன்னுதுரை என் வாசலில் வந்து நின்றான். பின்னால் சிவகாமசுந்தரி, கையில் தாம்பாளம், அதில் நெய்ச் சோறும் மாலையும்.

"அக்கா, நல்லா இருக்கீங்களா?" என்றான். அக்காவாம்!

"என்னா வேணும், கிராணி?"

"சோறு போடறதைப் பாதியில விட்டதுதான் குத்தம்னு ஜோசியரு சொல்லிட்டாரு. அதே நாய்க்குத்தான் போடணுமாம். லைசென்ஸ் வில்லை என் பேர்ல இருக்கு. வில்லை இல்லாத நாயை முனிசிபல்காரன் சுட்டுருவான், தெரியும்ல? நான் கூட்டிட்டுப் போறேன்."

சட்டம் அவன் பக்கம். மறுபடியும் கம்பி, மறுபடியும் சனிக்கிழமை.

முற்றத்தில் கோழியை விரட்டிக்கொண்டிருந்த குட்டி அவன் குரலைக் கேட்டதும் நின்றது. பின்னங்காலைத் தூக்கிக்கொண்டது. மூன்று காலால் ஊர்ந்து தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போய், நின்ற இடத்திலேயே மூத்திரம் பெய்தது.

"பாத்தீங்களா, என்னை ஞாபகம் வச்சிருக்கு!" என்று சிரித்தான் அந்த மடையன்.

சிவகாமசுந்தரிதான் எட்டிப் பார்த்தாள். "என்னங்க, நொண்டுதே? அங்கம் கொறஞ்ச நாய்க்குப் போட்டா நமக்கும் கொறையில்ல வரும்?"

அவன் முகம் சுருங்கியது. "கால் சரியாவாதா?" என்று என்னைக் கேட்டான்.

"ஆவாது. சென்மத்துக்கும் நொண்டிதான்" என்றேன். கூசாமல் சொன்னேன். அந்த இடத்திலேயே நாயை எனக்குக் கொடுத்துவிட்டதாக எழுதி வாங்கிக்கொண்டேன். "தானமா நெனச்சுக்கறேன்" என்றான், எழுதிய பேனாவை மூடிக்கொண்டே. தாம்பாளத்துச் சோற்றில் ஒரு பருக்கைகூட வைக்காமல் இருவரும் போனார்கள்.

"வாடா, போயிட்டான்" என்று கூப்பிட்டேன். வந்தது, மூன்று காலில். மத்தியானம் முட்டை காட்டினேன். மூன்று காலில் வந்தது. காலைத் தடவிப் பார்த்தேன். வீக்கம் இல்லை, எலும்பில் குறை இல்லை. நான் சேர்த்த எலும்பு எனக்குத் தெரியாதா? சாயங்காலமும் அந்தக் கால் தரையில் படவில்லை. படியில் உட்கார்ந்து அழுதேன்.

பீவி வேலிக்கு அந்தப் பக்கம் வந்து நின்றாள். "அதான் நாய் உனக்கே கெடச்சிருச்சே. எதுக்குப் புள்ள அழுவுறே?"

"நொண்டின்னு பொய் சொன்னேன் பீவி," என்றேன். "அந்தப் பாவி நெசமாவே நொண்டியாக்கிட்டுப் போயிட்டான்."