நாலு விரல் உயரம்

எனக்கு மூக்கு நுனியில் கோபம் என்று வீட்டில் சொல்வார்கள். அன்று அது உச்சந்தலைக்கு ஏறியிருந்தது.

போரை நிறுத்தப் பேச இரண்டு நாட்டுத் தலைவர்கள் வந்திருந்தார்கள். அந்த மண்டபத்தில் நாற்காலி, மேசை, மைக், தண்ணீர் எல்லாம் என் பொறுப்பு. ஆற்றுக்கு அக்கரையில், மூடிக்கிடந்த பாலத்தடியில், மூச்சிழுப்பில் தவிக்கும் மகளைத் தூக்கிக்கொண்டு என் தங்கை நின்றாள். அவர்கள் ஊர் ஆஸ்பத்திரியைக் குண்டு போட்டுத் தரைமட்டமாக்கியாயிற்று. ஆக்சிஜன் இக்கரையில்தான். இவர்கள் கையெழுத்துப் போட்டால் பாலம் திறக்கும்.

"அக்கா, உதடு நீலமாகுது. எப்பக்கா முடிப்பாங்க?" என்றாள் போனில்.

"இதோ உட்காரப் போறாங்கடி. குட்டியை நிமிர்த்திப் பிடிச்சுக்கோ."

உட்கார்ந்தால்தானே! ஒரு தலைவருக்கு இடுப்பு வலி. வீட்டிலிருந்து கொண்டுவந்த குஷனைப் போட்டு அதன்மேல் உட்கார்ந்தார். எதிர்த் தரப்பு மொத்தமாக எழுந்துவிட்டது. அவர் நாலு விரல் உயரமாகத் தெரிகிறாராம். டிவியில் பார்க்கிற ஜனங்கள் அவர்தான் ஜெயித்தார் என்று நினைத்துவிடுவார்களாம்.

வரவேற்பு அதிகாரி வியர்க்க விறுவிறுக்க ஓடிவந்தார். அவருக்கு நாங்கள் வைத்த பெயர் விறைப்பு.

"அதே மாதிரி இன்னொரு குஷன் வேணும்மா. அதே உயரம், அதே பச்சை."

"நான் என்ன மெத்தைக் கடையா வெச்சிருக்கேன்? அதை எடுக்கச் சொல்லுங்க சார்."

"சொன்னேன். எடுத்தா தோத்துப்போன மாதிரி ஆயிடுமாம்."

அடப் பாவிகளா! ஊர் ஊராக ஜனங்களைக் குழியில் இறக்கியபோது போகாத மானம், பஞ்சுப் பொதியில் போகிறதாம். ஆள் அனுப்பிக் கடை கடையாகத் தேடினோம். வந்ததில் ஒன்று தடிமனாம். இன்னொன்றின் பச்சை வெளிறியிருக்கிறதாம். அதற்குள் தங்கை இரண்டு தடவை கூப்பிட்டுவிட்டாள். இரண்டாவது தடவை அவள் பேசவே இல்லை. குழந்தை மூச்சு வாங்கும் சத்தம் மட்டும் கேட்டது.

இதற்கு மேல் பொறுக்க நான் என்ன கல்லா? கத்திரிக்கோலோடு உள்ளே நுழைந்தேன். இடுப்பு வலிக்காரர் காலாற நடந்துகொண்டிருந்தார். குஷனை எடுத்து நடுவில் வெட்டினேன். கார்பெட் முழுக்கப் பஞ்சு. பாதியை இவர் நாற்காலியிலும் மீதியை அவர் நாற்காலியிலும் போட்டேன்.

"இப்ப ரெண்டும் ஒரே உயரம். உட்காருங்க! பாலத்துல ஒரு பச்சப்பிள்ளை மூச்சுக்குத் தவிக்குது. நீங்க இங்க உட்கார்ற இடத்துக்கு அளவெடுக்கறீங்களா?"

விறைப்புக்குப் பாதி உயிர் போய்விட்டது. தலைவர்கள் இருவரும் நாற்காலிகளை மாறி மாறிப் பார்த்தார்கள். பிறகு உட்கார்ந்தார்கள். கால் மணி நேரத்தில் கையெழுத்தாகிவிட்டது.

"பாலம் திறந்தாச்சா சார்?" என்று விறைப்பை வழிமறித்தேன்.

"நாளைக்குக் காலையிலம்மா. ரெண்டு பேரும் நேர்ல போய் ரிப்பன் வெட்டறாங்க. வெளிச்சம் இருந்தாத்தான் படம் நல்லா விழுமாம்."

அவர் சட்டையைக் கொத்தாகப் பிடித்தேன். "ஒரு வண்டியை விடச் சொல்லுங்க. இப்பவே. ஒரே ஒரு வண்டி!"

அவர் என் கையை விலக்கவில்லை. "என் கையில எதுவும் இல்லம்மா" என்று தலையைக் குனிந்துகொண்டார்.

போன் அடித்தது.

"இருடி, யார் காலிலயாவது விழுந்து ஒரு வண்டி..."

"வேணாம்க்கா." தங்கை அழவில்லை. "நாளைக்கே திறக்கட்டும். இனிமே அவசரமில்ல."

உள்ளே கைதட்டிக்கொண்டிருந்தார்கள். நாசமாய்ப் போக, அத்தனை பேரும்.