அன்னமேரி வரைந்த உறை

ஏலக்காய் ஸ்டோரில் தரம் பிரித்துக்கொண்டிருந்த அன்னமேரியின் கை நின்றுபோனது. மூக்கம்மாள் செத்துக் கிடந்த மேல் லயத்து வீட்டு வரிசையிலிருந்து குழாய் ஸ்பீக்கரில் அந்தப் பாட்டு வந்தது. ஏழு மாதமாக எந்தக் கல்யாணத்திலும் அழகுமலை போடாத பாட்டு. தனக்கென்றே எடுத்து வைத்துக்கொண்டான் என்று அவள் நம்பிக்கொண்டிருந்த பாட்டு.

சக்குபள்ளத்துப் பக்கம் எந்த எஸ்டேட்டில் விசேஷமென்றாலும் அழகுமலையின் மைக்செட்தான். கம்பத்திலிருந்து பழைய இசைத்தட்டுகளாகப் பார்த்து வாங்கி வருவான். எல்லாம் வெறும் காக்கி உறையில் வரும். அவனுக்கோ எழுத்துக் கூட்ட வராது. ஒரு கல்யாணத்தில் தாலி கட்டுகிற நேரம் பார்த்துச் சோகப் பாட்டைச் சுழலவிட்டு, பெண்ணின் தாய்மாமனிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்ட பிறகுதான் அன்னமேரியைத் தேடி வந்தான். சனிக்கிழமை சாயங்காலம் லயத்து வாசலில் தட்டைப் போட்டுக் காட்டுவான். அவள் கேட்டுவிட்டு, அட்டையை வெட்டி ஒட்டி, போஸ்டர் கலரில் அந்தப் பாட்டுக்கு ஏற்ற படம் வரைந்து உறை செய்து கொடுப்பாள். அவள் சினிமாக் கொட்டகைப் பக்கமே போனதில்லை. அதனால் யாரை வேண்டுமானாலும் கதாநாயகி ஆக்கிவிட முடிந்தது. படத்தைப் பார்த்து அவன் கல்யாணப் பெட்டியிலோ எழவுப் பெட்டியிலோ அடுக்கிக்கொள்வான். லயத்துப் பெண்கள் எல்லோரும் அவனை அண்ணன் என்றார்கள். அவள் மட்டும் எந்த முறையும் சொல்லாமல் சமாளித்து வந்தாள்.

அந்தப் பாட்டில் ஒருத்தி, தன்னைக் கட்டிக்கொள்ளப் போகிறவனுக்காக ஏங்கிக் காத்திருக்கிறாள். அன்னமேரி அதற்குத் தன்னையே வரைந்தாள். வெள்ளைச் சேலை, தலையில் வெள்ளை முக்காடு, கையில் பூ. லயத்தில் கூறைப்பட்டு உடுத்தித்தான் கல்யாணம். ஆனால் எஸ்டேட் கிளார்க்கின் மகள், மலையாளத்துப் பெண், தன் கல்யாணத்தன்று மாதா கோயிலில் வெள்ளைச் சேலையில் நின்றதை அவள் ஒருமுறை பார்த்திருந்தாள். நானும் இப்படித்தான் நிற்பேன் என்று அன்றே முடிவு செய்துகொண்டாள். படத்தின் ஓரத்தில் ஒருவன் குழாய் ஸ்பீக்கரோடு நின்றான். அழகுமலை அதை வெகுநேரம் பார்த்தான். “நல்லாருக்கு” என்றான். அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு அவள் ஏழு மாதம் சந்தோஷமாக இருந்தாள், பைத்தியக்காரி.

போன ஞாயிறு பூசையில் அவளுக்கும் சின்னமனூர் மாப்பிள்ளைக்கும் கல்யாண அறிவிப்பு, முதல் ஓலை, வாசித்தாகிவிட்டது. இன்னும் இரண்டு ஞாயிறு வாசித்தால் கல்யாணம். அதற்குள் அழகுமலை வந்து ஒரு வார்த்தை கேட்டால், பங்குச் சாமியாரிடம் போய் ஓலையை நிறுத்தச் சொல்லும் துணிச்சல் அவளுக்கு இருந்தது.

கங்காணியிடம், எழவு வீட்டில் துட்டி கேட்டு வருவதாகச் சொல்லிவிட்டு மேட்டில் ஏறினாள். லயத்தின் கோடியில், சாக்கு விரித்து அழகுமலை உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் அவள் வரைந்த உறை.

“இத ஏன் இங்க போட்டீங்க?” என்றாள்.

“இது துட்டி வீட்டுப் பாட்டுதான?” அவன் உறையை எடுத்துக் காட்டினான். “நீதான வெள்ளச் சேல கட்டிவிட்டு, முக்காடும் போட்டு வரஞ்சிருக்க. புருசன் செத்த பிள்ளைன்னு பாத்ததுமே தெரிஞ்சிருச்சு. ஓரத்துல நிக்கிறது நாந்தான? அவ வீட்டுத் துட்டிக்கு மைக்செட் போட வந்திருக்கேன்னு நெனச்சேன். இத எடுத்தாலே மனசுக்குச் சங்கடமா இருக்கும்.”

தட்டு சுழன்றுகொண்டே இருந்தது. அவள் வாயைத் திறந்தாள்.

“தப்பாயிருந்தாச் சொல்லு, அன்னமேரி. கல்யாணப் பொட்டிக்கு மாத்திருதேன்” என்றான். பிறகு ஏதோ ஞாபகம் வந்தவனாக, “ஒனக்கு ஓல வாசிச்சாகளாமே. ஒங்கல்யாணத்துக்குக் காசே வாங்க மாட்டேன், பாத்துக்க” என்று சிரித்தான்.

கள்ளமே இல்லாத சிரிப்பு. ஒரு துளி வருத்தம் அதில் இருந்திருந்தால் சொல்லியிருப்பாள்.

“இல்ல. சரியாத்தான் வச்சிருக்கீங்க” என்றாள்.

வந்தவள் உள்ளே போகாமல் திரும்பினால் நன்றாக இருக்காது. மூக்கம்மாளின் கால்மாட்டில் பெண்களுக்கு நடுவே போய் உட்கார்ந்தாள். முதலில் தோள்தான் குலுங்கியது. அப்புறம் அவளால் அடக்க முடியவில்லை, வாய்விட்டு அழுதாள். மூக்கம்மாளின் மகள் சுருளியம்மாள் தன் அழுகையை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தாள். பிறகு நகர்ந்து வந்து அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டாள்.

“எங்காத்தா மேல இம்புட்டுப் பாசமாடி வச்சிருந்த” என்று தன் முந்தானையால் அன்னமேரியின் முகத்தைத் துடைத்துவிட்டாள்.