கை போகிற இடம்

படகை அவள் தம்பிதான் தன் லாரிக்குப் பின்னால் டிரெய்லரில் கட்டி இழுத்து வந்தான். வாசலில் கார் நிறுத்துகிற கொட்டகைக்குள் அதை ஒருவழியாக நுழைத்துவிட்டு, வியர்வையைத் துடைத்துக்கொண்டே சமையலறைப் பக்கம் குரல் கொடுத்தான்.

"அக்கா, உனக்கு ஒரு சக்களத்தியக் கொண்டாந்திருக்கேன். வந்து பாரு."

அக்கா வந்து பார்த்தாள். ஒரு காலத்தில் வெள்ளையாக இருந்திருக்க வேண்டிய மோட்டார் படகு. யாரோ வாங்கி, நாலு தடவை ஓட்டி, வெளியூர் போகும்போது ஒரு மரத்தடியில் விட்டுப்போனது. இயந்திரம் மட்டும் பழுதில்லை. உள்ளே இருந்த சின்ன அறையில் கூரைத் துணி கிழிந்து தொங்கியது. இருக்கை ஸ்பாஞ்சை எலிகள் குடும்பத்தோடு தின்று தீர்த்திருந்தன. கழுவுதொட்டிக்குள் மக்கிய இலை. பித்தளைக் கீல்கள் பச்சை பிடித்து, எந்தக் கதவும் திறக்கவில்லை. திறந்த ஒரு கதவு கையோடு வந்துவிட்டது.

"இந்த வாடைக்குள்ள நான் காலெடுத்து வைக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

அவள் புருஷன் அதைக் காதில் வாங்கவே இல்லை. கல்யாணத்தன்றுகூட அவர் முகம் அப்படி மலர்ந்து அவள் பார்த்ததில்லை. லிஃப்ட் பழுது பார்ப்பது அவர் வேலை. தெருவில் எல்லோருக்கும் அவர் லிஃப்ட்காரர். பகலெல்லாம் இருட்டுக் கிணறு மாதிரியான இடத்தில் கம்பிகளோடு மல்லுக்கட்டுகிற மனுஷனுக்கு, மேலே வானமும் கீழே தண்ணீரும் வேண்டும் என்ற ஆசை எப்போதோ வந்திருக்கிறது. யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தார், அவ்வளவுதான்.

அவளுக்கு வேலை இருக்கை உறை தைக்கும் பட்டறையில். பஸ், தியேட்டர், சலூன் நாற்காலி என்று எது வந்தாலும் தைப்பாள். தைக்கும்போது உதட்டில் எப்போதும் நாலைந்து குண்டூசி இருக்கும். ஊசியை எடுத்த பிறகும் பேச்சு அதே கூர்மையோடு வருவதால், பட்டறையில் அவளுக்குக் குண்டூசி என்றே பெயர் விழுந்துவிட்டது. நல்ல மனநிலையில் இருக்கும்போது புருஷனும் அப்படித்தான் கூப்பிடுவார்.

படகு வேலை தொடங்கிய கொஞ்ச நாளில், அந்தப் பட்டறையின் மாடிப்படியில்தான் அவள் விழுந்தாள். கையில் துணிச்சுருள், காலடியில் ஒரு நூல்கண்டு. இடுப்பு எலும்பு நொறுங்கி, மூட்டை எடுத்துவிட்டு உலோகத்தில் ஒன்று வைத்தார்கள்.

"ஊர்ல இருக்கிறவங்களையெல்லாம் ஏத்தி இறக்குறவன் நான். என் பொண்டாட்டி படியில விழுறா" என்று பார்க்க வந்தவர்களிடமெல்லாம் சொன்னார். சிரிப்பதற்காகத்தான் சொன்னார். ஆனால் சொல்லும்போது அவர் சிரிக்கவில்லை.

அதோடு படகு வேலை நின்றுபோனது. மேலே ஒரு தார்ப்பாயைப் போட்டு மூடிவிட்டார். நடைச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு குண்டூசி கூடத்தில் நடந்தால், இரண்டு கைகளையும் விரித்தபடி பின்னாலேயே வருவார், நடை பழகும் குழந்தைக்குப் பின்னால் வருவதுபோல.

"என் முதுகுல மூச்சு விடாதீங்க. கூசுது."

"நீ பாட்டுக்கு நட. நான் சும்மா வர்றேன்."

"சும்மா வர்றவரு ஏன் கோழி புடிக்கிற மாதிரி வர்றீங்க?"

அவர் வேலைக்குப் போன ஒரு காலையில் அவள் தானே வாசல்வரை நடந்துபோய், தார்ப்பாயின் ஓரத்தைத் தூக்கிப் பார்த்தாள். வீட்டுக்குள் சுவரைப் பார்த்துப் பார்த்து அலுத்திருந்த கண்ணுக்கு, பிய்ந்துபோன அந்த இருக்கைகள் நல்ல விருந்தாக இருந்தன. எங்கே வெட்ட வேண்டும், எத்தனை மீட்டர் பிடிக்கும், எந்த மூலையில் மடிப்பு விட வேண்டும் என்று அங்கே நின்றபடியே கணக்கு ஓடியது. தம்பிக்கு போன் போட்டாள்.

"பட்டறையில என் மிஷின் சும்மாத்தான கெடக்கும்? தூக்கிட்டு வா. அப்படியே ரெக்சின், செங்கல் நிறத்துல."

"மாமா நீலம்னுல்ல சொன்னாரு?"

"வெளிய பாத்தா தண்ணி. உள்ள பாத்தாலும் தண்ணியா? செங்கல் நிறம்."

உயரமான நாற்காலியில் உட்கார்ந்து அவள் தைக்கத் தொடங்கியதும் வீட்டுக்கே உயிர் வந்தது. லிஃப்ட்காரர் வேலையிலிருந்து வந்ததும் உடை மாற்றாமல் படகுக்குள் ஏறினார். மக்கிய தரைப்பலகையைப் பெயர்த்துப் புதுசு போட்டார். கீல்களைக் கழற்றி ஊறவைத்துத் தேய்த்தார். உப்புத்தாளால் மரத்தை இழைத்து, வார்னிஷ் அடித்து, காய்ந்ததும் மறுபடி இழைத்தார். ஒவ்வொரு மெத்தையாக அவள் ஜன்னல் வழியே நீட்டுவாள், அவர் கொண்டுபோய் வைத்துப் பார்த்துவிட்டு, "அச்சா உக்காருது!" என்று உள்ளிருந்து கத்துவார். ஆனால் படகுக்குள் மட்டும் அவளை விடவில்லை. "முடியட்டும், அப்புறம் பாரு" என்றார்.

ஒரு நாள் எல்லா வேலையும் முடிந்தது. அவளுக்காகவே அகலமான படி ஒன்று செய்து படகோரம் வைத்திருந்தார். அவள் மெதுவாக ஏறி, குனிந்து, உள்ளே பார்த்தாள்.

இரண்டு பக்கமும் பளபளக்கும் எஃகுக் கம்பிகள். இருக்கைக்கு மேலே ஒன்று, கழுவுதொட்டிக்குப் பக்கத்தில் ஒன்று, கதவோரம் நெட்டாக ஒன்று. பழைய லிஃப்ட் கூண்டுகளிலிருந்து கழற்றியவை. படுக்கையாக விரியும் இருக்கையின் தலைமாட்டில் சிவப்பாக ஓர் அவசர மணிப் பொத்தான்கூட இருந்தது.

அவர் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இது படகா, ஆஸ்பத்திரி கக்கூஸா?" என்றாள்.

"உனக்காகத்தாம்மா…"

"எனக்காகன்னா என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கணும். நான் நோயாளி இல்லைங்க. இடுப்புல கொஞ்சம் இரும்பு வச்சிருக்கு, அவ்வளவுதான். எங்க திரும்பினாலும் நீ விழுவ, நீ விழுவன்னு இந்தக் கம்பியெல்லாம் என்னைப் பாத்துச் சொல்லுது."

இறங்கிப் போய்விட்டாள். அவர் நீட்டிய கையையும் பிடிக்கவில்லை.

அதன் பிறகு சில நாட்கள் வீட்டில் பேச்சு இல்லை. சாப்பாடு மேசைக்கு வந்தது. காலித் தட்டு திரும்பிப் போனது. சொல்ல வேண்டியதையெல்லாம் தம்பியிடம் சொன்னார்கள். ஒரே மேசையில் எதிரெதிரே உட்கார்ந்திருக்கும்போதும், "உங்க மாமாகிட்ட தண்ணி மோட்டாரை நிறுத்தச் சொல்லு" என்பாள் அவள். "நிறுத்தியாச்சுன்னு உங்க அக்காகிட்ட சொல்லு மச்சான்" என்பார் அவர்.

"நான் சரக்கு லாரி ஓட்டுறவன். என்னைத் தபால்காரனா ஆக்கிட்டீங்களே" என்று தலையில் அடித்துக்கொண்டான் தம்பி.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். குண்டூசி உள்ளறையில் நூல் கோத்துக்கொண்டிருந்தபோது வாசலிலிருந்து மணி அடித்தது. லிஃப்ட் நின்றுபோனால் அடிக்கிற மணி. முதலில் சின்னதாக ஒருமுறை, வெட்கப்படுவதுபோல. கொஞ்ச நேரம் கழித்து நீளமாக.

நடைச் சட்டம் எங்கே இருக்கிறது என்று பார்க்க அவளுக்கு நேரமில்லை. கைத்தடியை எடுத்துக்கொண்டு, சுவரைத் தொட்டுத் தொட்டு வாசலுக்கு வந்தாள். அந்த அகலப் படியில் தானாகவே ஏறினாள்.

இரண்டு இருக்கைகளுக்கும் நடுவில் லிஃப்ட்காரர் ஒரு காலை மடித்துத் தரையில் கிடந்தார். சுற்றிலும் கழற்றிப் போட்ட எஃகுக் கம்பிகள். சுவரில் திருகு ஓட்டைகள் மட்டும் இருந்தன.

"என்னாச்சு?"

"முட்டி புடிச்சிக்கிச்சு. நீட்ட முடியல. எந்திரிக்கலாம்னு பாத்தா… புடிக்க ஒண்ணும் இல்ல."

"ஒரு கம்பிகூட இல்லியா?"

"எல்லாத்தையும் கழட்டிட்டேன்."

அவளுக்கு அழுகை வருகிறதா சிரிப்பு வருகிறதா என்று புரிய ஒரு கணம் ஆனது. சிரிப்புதான் வந்தது. இருக்கையில் தொப்பென்று உட்கார்ந்து, கண்ணில் நீர் வர வர சிரித்தாள். கீழே கிடந்தவரும் முட்டியைப் பிடித்துக்கொண்டே சிரித்தார்.

"எத்தனை நாளா இந்த முட்டி இப்படி?"

"நீ விழுறதுக்கு முன்னாடியே."

"ஏன் சொல்லல?"

"ஒரு வீட்டுக்கு ஒரு இடுப்பு போதாதா?"

ஒரு மெத்தையை இழுத்து அவர் காலுக்கு அடியில் கொடுத்துவிட்டு, குனிய முடிந்த அளவு குனிந்து முட்டியைத் தேய்த்துவிட்டாள். கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கம் விட்டது. அப்போதும் அவர் எழுந்திருக்கவில்லை. கூரையைப் பார்த்தபடியே சொன்னார்.

"ஆபரேஷனுக்கு உன்னை உள்ள கொண்டுபோயிட்டாங்க. கதவ மூடிட்டாங்க. எனக்குக் கைய எங்க வைக்கிறதுன்னு தெரியல. பாக்கெட்டுல விட்டேன், எடுத்தேன். அப்புறம் சுவத்தைப் புடிச்சிக்கிட்டே நின்னேன். நர்ஸ் வந்து, சார் ஏன் இப்படி நிக்கிறீங்க, உக்காருங்கன்னாங்க. விட முடியல."

தேய்த்துக்கொண்டிருந்த குண்டூசியின் கை அப்படியே முட்டிமேல் நின்றது.

பிறகு சொன்னாள்: "புடி வேணுங்க. எனக்கும் வேணும், உங்களுக்கும் வேணும். ஆனா நீங்க நினைச்ச இடத்துல வேணாம். கை தானா எங்க போகுதோ, அங்க வேணும்."

சாயங்காலம் தம்பி வந்தபோது இரண்டு பேரும் வேடிக்கையான ஒரு காரியத்தில் இருந்தார்கள். துணியில் கோடு போடுகிற சாக்கட்டியைப் பொடித்து, அவர் உள்ளங்கையில் நீலமும் தன் உள்ளங்கையில் மஞ்சளும் பூசியிருந்தாள் குண்டூசி. முதலில் அவர், பிறகு அவள். யோசிக்காமல் உள்ளே வர வேண்டும், உட்கார வேண்டும், எழுந்திருக்க வேண்டும், திரும்பிப் படுக்க வேண்டும். கை எங்கே பட்டதோ அங்கே சாயம். அவர் உயரம், அவள் குட்டை. இருந்தும் சில இடங்களில் நீலமும் மஞ்சளும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்திருந்தன. எஃகுக் கம்பி இருந்த இடங்களில் பெரும்பாலும் ஒரு சாயமும் இல்லை.

"அப்ப அந்தக் கம்பியெல்லாம் தண்டமா?" என்றார் லிஃப்ட்காரர், கொஞ்சம் சோர்ந்து.

"தொட்டிகிட்ட வச்சது சரிதான். அதை நான் ஒத்துக்கிறேன்."

"அக்கா" என்றான் தம்பி. "உன் தோள்பட்டையில நீலமா அஞ்சு விரல் பதிஞ்சிருக்கு. அங்கயும் ஒரு புடி வைக்கணுமா?"

"வாய மூடிட்டு அந்த ஸ்க்ரூ டப்பாவ எடு" என்றாள் அவள். முகம் சிவந்திருந்தது.

வீட்டில் கழற்றிப் போட்டிருந்த ஒரு பழைய கதவு நிலையை அறுத்துப் பிடிகள் செய்தார் லிஃப்ட்காரர். ஒவ்வொன்றையும் உருட்டி இழைத்து அவள் கையில் கொடுப்பார். "இன்னும் கொஞ்சம் மெலிசா" என்பாள். மறுபடி இழைப்பார். மிஞ்சிய ரெக்சினை அவள் அவற்றின்மேல் இழுத்துச் சுற்றி, தையல் வெளியே தெரியாமல் தைத்தாள். கீழே அவருக்கென்று, முட்டி போட்டால் எட்டுகிற உயரத்தில், ஒன்று அதிகமாக வைக்கச் சொன்னாள். சிவப்பு மணியைக் கழற்றப் போனவரைத் தடுத்து, "அது இருக்கட்டும்" என்றாள்.

படகை ஆற்றில் இறக்கிய அன்று காற்று இல்லை. தம்பி டிரெய்லரைப் பின்னோக்கி ஓட்டித் துறையில் இறக்க, படகு ஒருமுறை ஆடி மிதந்தது. இயந்திரம் இருமியது, புகைந்தது, பிறகு பிடித்துக்கொண்டது. தம்பி கரையிலேயே நின்றுவிட்டான். "எனக்கு ரோடு போதும், நீங்க போயிட்டு வாங்க" என்றான்.

கரையோர மரங்களும் பாலமும் பின்னால் போயின. கொஞ்ச நேரம் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, தண்ணீரைக் கண் வலிக்க வலிக்கப் பார்த்தாள் குண்டூசி. வெயில் ஏறியதும் உள்ளே போனாள். இயந்திரச் சத்தத்தில் அவளிடம் ஏதோ கேட்டவர், பதில் வராமல் குனிந்து பார்த்தார்.

இடுப்பு அறுவைக்குப் பிறகு அவள் எப்போதும் மல்லாந்துதான் படுப்பாள். பக்கவாட்டில் திரும்பப் பயம். திரும்பிப் படுக்கலாம் என்று மருத்துவர் சொல்லி மாதங்கள் ஆகியும், ஒரே நிலையில் அசையாமல் கிடந்து பாதித் தூக்கத்தில் விழித்துக்கொள்வாள். இப்போது செங்கல் நிற மெத்தையில் ஒருக்களித்து, கன்னத்துக்கடியில் கையை வைத்து, வாய் லேசாகத் திறந்திருக்க ஆழ்ந்து தூங்கிக்கொண்டிருந்தாள்.

அவர் வேகத்தைக் குறைத்தார். இன்னும் குறைத்தார். படகு நகர்கிறதா நிற்கிறதா என்று தெரியாத அளவுக்குக் கொண்டுவந்தார். மெல்லத் திருப்பித் துறைப் பக்கம் வந்தபோது, கரையில் நின்ற தம்பி கயிற்றைப் பிடிக்கக் கையை உயர்த்தி, "என்ன மாமா, ஓட்டம் எப்படி?" என்று கத்த வாயெடுத்தான்.

லிஃப்ட்காரர் உதட்டில் விரலை வைத்துக் காட்டினார். உள்ளே கைகாட்டி, கன்னத்தில் கையை வைத்துத் தலையைச் சாய்த்துக் காட்டினார். தம்பிக்குப் புரிந்தது. கயிற்றைக் கீழே போட்டுவிட்டு லாரி நிழலில் போய் உட்கார்ந்தான். படகு கரையைத் தொடாமலே திரும்பி, மறுபடியும் ஆற்றுக்குள் போனது.