இடது பக்கம் இழுக்கிற கார்

எங்கள் வீட்டு வீடியோ கேம் பெட்டி சாகக் கிடக்கிறது என்பதை முதலில் கண்டுபிடித்தது அம்மாதான். கண்டுபிடித்த அன்று அவளுக்கு வந்த நிம்மதி ஏன் என்று எனக்கு அப்போது புரியவில்லை.

எனக்குப் பதிமூன்று வயது. அம்மா ஒரு கடையில் திரைச்சீலை தைத்துக்கொண்டிருந்தாள். அப்பா டவர் கிரேன் ஓட்டுபவர். பதினெட்டு மாடி உயரத்தில் ஒரு கண்ணாடிக் கூண்டுக்குள் நாள் முழுக்கத் தனியாக உட்கார்ந்திருப்பார். இடது கையில் ஒரு லிவர், வலது கையில் ஒரு லிவர். இடது லிவர் கிரேனின் நீண்ட கையைச் சுற்றும், வலது லிவர் கொக்கியை ஏற்றி இறக்கும். கீழே வேலை செய்கிறவர்கள் அவரை ஆகாசம் என்று கூப்பிடுவார்கள்.

சாயங்காலம் வந்து குளித்துவிட்டு, கேம் பெட்டியைப் போட்டு என்னோடு கார் பந்தயம் ஓட்டுவார். நான் பிறந்த வருஷம் வாங்கிய பெட்டி அது. "பகலெல்லாம் ஆமை மாதிரி ஓட்டுறேன், இங்கயாவது பறந்துக்கறேன்" என்பார். ஒருநாள்கூட என்னிடம் அவர் தோற்றதில்லை. சும்மா விட்டுக்கொடுக்கிற அப்பா கிடையாது அவர்.

அந்த வருஷம் தோற்க ஆரம்பித்தார்.

இடது வளைவில் திரும்புகிற கார், வளைவு முடிந்த பிறகும் நிமிராமல் அப்படியே போய்ச் சுவரில் உரசியது. முதல் நாள் சிரித்தார். ஒரு வாரம் கழித்து, கன்ட்ரோலரைத் திருப்பிப் பார்த்தார், தொடையில் தட்டினார், காரைத் திருப்புகிற குச்சியைச் சுற்றி ஊதினார்.

"இடது பக்கமே இழுக்குது. குச்சி போயிடுச்சு" என்றார்.

அம்மா கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அதற்கு ஒரு மாதத்துக்கு முன்பிருந்தே அவள் அப்பாவைக் கவனித்துக்கொண்டிருந்தாள் என்பது எனக்குப் பிற்பாடுதான் தெரிந்தது. நடக்கும்போது அவருடைய இடது கை வீசாமல் உடம்போடு ஒட்டிக்கொண்டிருந்ததையும், செருப்பு மாட்ட அவருக்கு நேரமாவதையும் அவள் பார்த்திருக்கிறாள். கேட்டதற்கு, "தோள்ல வாயு பிடிச்சிருக்கு" என்று முடித்துவிட்டார்.

குச்சி போய்விட்டது என்று அவர் சொன்ன மறுநாள் அம்மா பெட்டியின் முன்னால் தரையில் உட்கார்ந்தாள். அதுவரை அதைத் துடைப்பதோடு சரி, மற்றபடி தொட்டதுகூட இல்லை.

"ஏன்டி, இது எப்பவும் இப்படித்தான் சத்தம் போடுமா?"

பெட்டிக்குள் மின்விசிறி இரைந்துகொண்டிருந்தது. கொஞ்ச நாளாகவே அப்படித்தான் என்றேன்.

"உங்கப்பா மாடி ஏறினாக்கூட இப்படி மூச்சு வாங்க மாட்டாரு. சூடு பாரு, தோசை சுடலாம் போல இருக்கு."

அன்றிலிருந்து அவளுக்கு அதே வேலை. கேம் பதிந்த வட்டத் தட்டை உள்ளே தள்ளினால் இரண்டு தடவை துப்பிவிட்டு மூன்றாம் தடவைதான் வாங்கிக்கொண்டது. அம்மா எண்ணினாள். அரை மணி நேரம் ஓடினால் படம் நடுவில் ஒரு நொடி உறைந்து, பிறகு தாவியது. அம்மா கடிகாரம் பார்த்தாள். திரையில் ஓரமாகச் சின்னச் சின்னதாகப் பச்சைக் கட்டங்கள் மின்னி மறைந்தன. ஒருநாள் தானாகவே அணைந்து, முன்பக்கம் சிவப்பு விளக்கு கண் சிமிட்டியது. அம்மா அடுக்களையிலிருந்து ஓடி வந்து, "பாத்தியா, பாத்தியா" என்றாள். யாரோ பரீட்சையில் பாஸ் ஆன மாதிரி இருந்தது அவள் குரல்.

"பெட்டியே போகுதுங்க. அதான் காரு இழுக்குது" என்று அப்பாவிடம் சொன்னாள்.

"அதைத்தானே நானும் சொல்றேன்."

இருவரும் ஒருவரையொருவர் பார்க்காமலே சொல்லிக்கொண்டார்கள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அம்மா என்னிடம், "உங்கப்பா கன்ட்ரோலரை வாங்கி நீ ஓட்டு" என்றாள். அப்பா கொடுத்தார். நான் அதே பாதையில் ஓட்டினேன். முதல் இடது வளைவில் திரும்பினேன், கட்டைவிரலை எடுத்தேன், கார் நேராக நிமிர்ந்தது. இரண்டாவது வளைவிலும் அப்படித்தான். கார் கம்பி மாதிரி ஓடியது. வெற்றிக் களிப்பில் திரும்பியபோது அம்மாவின் முகத்தைப் பார்த்தேன். அவள் கழுத்தில் தொங்கிய அளவு டேப்பின் நுனியை விரலில் சுற்றிச் சுற்றி இறுக்கிக்கொண்டிருந்தாள்.

மூன்றாவது வளைவில் நான் காரைக் கொண்டுபோய்ச் சுவரில் மோதினேன்.

"ஆமாப்பா, இழுக்குது" என்றேன்.

அம்மா மூச்சு விட்டாள். அப்பா கன்ட்ரோலரைத் திரும்ப வாங்கிக்கொண்டு, "நாளைக்கே கொண்டுபோய்க் காட்டுங்க" என்றார்.

ரிப்பேர்க் கடை ஒரு பழைய கட்டிடத்தில் மாடிப்படிக்கு அடியில் இருந்தது. கடைக்காரருக்கு அம்மா வயதுதான் இருக்கும். பெட்டியைத் திறந்ததும் உள்ளேயிருந்து பஞ்சு மாதிரி தூசி உருண்டு வந்தது. சூட்டைக் கடத்துவதற்குத் தடவியிருந்த பசை காய்ந்து, சுண்ணாம்பாக உதிர்ந்தது. மின்விசிறியை விரலால் சுண்டினார். கரகரவென்று சுற்றி உடனே நின்றது.

"தட்டு படிக்கிற கண்ணும் மங்கிப்போச்சு. பெரிய சிப்புக்கு அடியில இருக்கிற ஈயம் சூடாகி ஆறி, சூடாகி ஆறி விரிசல் விட்டிருக்கும். அதான் கட்டம் கட்டமா மின்னுது. சுத்தம் பண்ணித் தர்றேன். ஆனா ரொம்ப நாள் தாங்காதும்மா."

"அவ்வளவும் கெட்டுப்போச்சா?" அம்மா சந்தோஷமாகக் கேட்டாள். கடைக்காரர் அவளை ஒரு மாதிரி பார்த்தார். "அப்ப காரு இடது பக்கம் இழுக்கிறதும் இதனாலதானே?"

"அது கன்ட்ரோலர் சமாச்சாரம். குடுங்க."

அதை ஒரு கம்ப்யூட்டரில் சொருகினார். திரையில் ஒரு வட்டம் வந்தது. அதன் நடுவில் ஒரு புள்ளி. குச்சியை இடது பக்கம் தள்ளினார், புள்ளி இடது பக்கம் ஓடியது. விட்டார், நடுவுக்கு வந்து நின்றது.

"நல்லாத்தான் இருக்கு."

"இன்னொரு தடவை பாருங்க."

பார்த்தார். புள்ளி நடுவுக்கு வந்தது.

"சூடானா மாறுமோ என்னவோ. அவரு ரொம்ப நேரம் பிடிச்சிருப்பாரு."

கடைக்காரர் சூடான காற்று ஊதுகிற கருவியை எடுத்து, தூரத்தில் பிடித்துக் கன்ட்ரோலருக்குச் சூடு காட்டினார். மறுபடி தள்ளி, மறுபடி விட்டார். அம்மா எழுந்து நின்று அந்தப் புள்ளியையே பார்த்தாள். அது ஒருமுறையாவது தப்பான இடத்தில் நிற்காதா என்று நானும் பார்த்தேன். நடுவில்தான் வந்து நின்றது.

அம்மா ரொம்ப மெதுவாகச் சொன்னாள். "கன்ட்ரோலர் கெட்டுப்போச்சுன்னு ஒரு சீட்டுல எழுதிக் குடுங்கண்ணே."

"நல்லா இருக்கிறதை எப்படிம்மா?"

"எழுதிக் குடுங்க. உங்களுக்கு என்ன போகுது?"

அவர் பேனாவை எடுத்துவிட்டார். அம்மாவின் முகம் அப்படி இருந்தது. எழுதப்போகும்போது, "யாரு ஓட்டுறது, வீட்டுக்காரரா? என்ன வேலை பாக்குறாரு?" என்று பேச்சுக்குக் கேட்டார்.

அம்மா அந்தச் சீட்டையே பார்த்தாள். "டவர் கிரேன்" என்றேன் நான்.

பேனாவை மூடி வைத்துவிட்டார். "கீழ ஆளுங்க நிப்பாங்களேம்மா" என்று மட்டும் சொன்னார்.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அம்மா தனக்குள் பேசிப் பார்த்துக்கொண்டே வந்தாள். உதடு அசைவது தெரிந்தது. அப்பா வாசலிலேயே காத்திருந்தார்.

"என்ன சொன்னான்?"

அம்மா ஒவ்வொன்றாகச் சொன்னாள். தூசி, பசை, மின்விசிறி, மங்கிய கண், விரிசல். அத்தனையும் உண்மை. அப்பாவின் முகம் மலர்ந்துகொண்டே போனது.

"நான்தான் சொன்னேன்ல. பெட்டி வயசாளி ஆயிடுச்சு. மனுஷனைக் குத்தம் சொன்னா எப்படி?"

அவரை அப்போது யாரும் குற்றம் சொல்லியிருக்கவில்லை. அம்மா மீதியைச் சொல்ல வாயெடுத்தாள், மென்று விழுங்கினாள், சோறு போடப் போய்விட்டாள்.

மறுநாள் காலையில் அப்பா வழக்கம்போல வேலைக்குக் கிளம்பிப் போனார். அம்மா எனக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தாள். ஒரு சடை முடிந்து, இன்னொரு சடை பாதியில் நின்றது. சீப்பைக் கீழே வைத்தாள்.

"செருப்பை மாட்டு."

"எங்கம்மா?"

"மாட்டுடி."

பாதிச் சடையோடு நான் அவள் பின்னால் ஓடினேன். பஸ்ஸில் உட்கார இடம் இருந்தும் அம்மா உட்காரவில்லை. போனில் அப்பாவைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். மேலே ஏறிவிட்டால் போனை அணைத்துவிடுவார் என்று அவளுக்குத் தெரியும். தெரிந்தும் அழுத்திக்கொண்டே இருந்தாள்.

கட்டிட வேலை நடக்கும் இடத்தின் வாசலில் காவலாளி மறித்தார். அம்மா அவர் கையைத் தட்டிவிட்டு உள்ளே போய், சூப்பர்வைசர் முன்னால் நின்றாள். அங்கே இரும்பும் மிஷினும் போடுகிற சத்தத்தில் கத்தித்தான் பேச வேண்டும். அம்மா கத்தினாள்.

"அவரை இறக்குங்க. அவரு இடது கை சரியில்ல. கீழ இறக்குங்க."

சூப்பர்வைசர் திட்டுவார் என்று நினைத்தேன். அவர் திட்டவில்லை. தலையில் இருந்த தொப்பியைக் கழற்றிவிட்டு மேலே பார்த்தார். "போன வாரம் ரெண்டு தடவை லோடு தள்ளிப் போச்சு. கேட்டதுக்குக் காத்துன்னாரு" என்றார். பிறகு வாக்கி டாக்கியை எடுத்தார்.

அந்த நேரம் கொக்கியில் ஒரு கட்டு இரும்புக் கம்பி தொங்கிக்கொண்டிருந்தது. அதை முதலில் இறக்கியாக வேண்டும். சூப்பர்வைசர் காரணம் எதுவும் சொல்லாமல், "ஆகாசம், இதை வச்சிட்டுக் கீழ வாங்க" என்றார். கிரேனின் கை மெதுவாகச் சுற்றியது. நிற்க வேண்டிய இடத்தில் நிற்காமல் கொஞ்சம் தள்ளிப் போனது. கம்பிக் கட்டு காற்றில் ஆடியது. கீழே நின்றவர்கள் பின்னால் நகர்ந்தார்கள். கட்டு திரும்பி வந்து, மறுபடி தள்ளிப் போய், ஒருவழியாகத் தரையைத் தொட்டது.

பிறகு அப்பா ஏணியில் இறங்கத் தொடங்கினார். அப்போதுதான் அம்மாவுக்கு உறைத்தது. அந்த உயரத்திலிருந்து அவர் அதே கையால் பிடித்துக்கொண்டுதான் இறங்க வேண்டும். அம்மா என் தோளைப் பிடித்தாள், நகம் பதிந்தது. வாய்க்குள் ஒவ்வொரு படியாக எண்ணினாள். பாதி உயரத்தில் அப்பா ஒரு இடத்தில் வெகுநேரம் நின்றார். எங்களைப் பார்த்துவிட்டார், கோபத்தில் நிற்கிறார் என்று நினைத்தேன்.

கீழே வந்ததும் அம்மா எதிரில் நின்றார். சட்டையெல்லாம் தொப்பலாக நனைந்திருந்தது.

"அடுப்பை அணைச்சிட்டு வந்தியா?" என்று கேட்டார். அவள் பதிலுக்குக் காத்திருக்காமல் வாசலைப் பார்த்து நடந்தார்.

அதற்குப் பிறகு பதினோரு நாள் அம்மாவோடு அவர் பேசவில்லை. டாக்டர் சீட்டு இல்லாமல் இனிமேல் ஏற விடமாட்டோம் என்று வேலையிடத்தில் சொல்லிவிட்டார்கள். நாள் முழுக்கப் பெட்டியின் முன்னால் உட்கார்ந்து அதே பாதையில் ஓட்டினார். சுவரில் உரசினால் முதலிலிருந்து தொடங்குவார். பெட்டிக்குச் சூடு ஆகாது என்று எங்கள் வீட்டு ஒரே டேபிள் ஃபேனை அதற்குத் திருப்பி வைத்தார். அம்மா வைத்துவிட்டுப் போன சோற்றில் ஈ மொய்த்தது.

ஒன்பதாம் நாள் படம் உறைந்தது. பச்சைக் கட்டங்கள் திரை முழுக்கப் பரவின. சிவப்பு விளக்கு வந்தது. அப்பா அணைத்துப் போட்டார், கம்பியைப் பிடுங்கிச் சொருகினார், பெட்டியைத் தலைகீழாக வைத்துப் பார்த்தார். அன்று நான் பள்ளிக்கூடம் விட்டு வரும்வரை அதையேதான் செய்துகொண்டிருந்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். பல நாளாக மறைத்து வைத்திருந்த விஷயத்தைச் சொல்லிவிட்டேன்.

"அன்னிக்கு நான் வேணும்னேதான் மோதினேன்பா. கன்ட்ரோலர் நல்லாத்தான் இருந்துச்சு."

"தெரியும்" என்றார். "நீ பிரேக்கே பிடிக்கல. எனக்கு ஓட்டத் தெரியாதா?"

அன்றைக்கே தெரிந்திருக்கிறது. தெரிந்தும் மறுநாள் ஏறியிருக்கிறார், அதற்கு மறுநாளும்.

பதினோராம் நாள் சூப்பர்வைசரே வந்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். அம்மாவும் நானும் கூடப் போனோம். டாக்டர் அப்பாவைக் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் வேக வேகமாகத் தட்டச் சொன்னார். வலது கை தட்டியது. இடது கை நாலு தட்டு தட்டிவிட்டுச் சோர்ந்து நின்றது. நடக்கச் சொன்னார், எழுதச் சொன்னார். எழுத்து போகப் போக எறும்பாகச் சிறுத்தது. மூளையில் கை காலை அசைக்க உதவுகிற ஒரு சுரப்பு குறைந்துகொண்டே வருகிறது, மாத்திரையால் தள்ளிப்போடலாம், நிறுத்த முடியாது என்றார். உயரம் கூடவே கூடாது என்றார். அப்பா, "கீழ உக்காந்து ஓட்டுற கிரேன்?" என்று கேட்டார். டாக்டர் அதுவும் கூடாது என்று தலையை ஆட்டினார்.

சூப்பர்வைசர் வேலைக்குத் திரும்பிவிட்டார். நாங்கள் மூன்று பேரும் பஸ்ஸுக்காக நின்றோம். வெயில் சுள்ளென்று அடித்தது. அப்பாதான் முதலில் பேசினார். அம்மாவைப் பார்க்காமல், எதிர்ச் சுவரைப் பார்த்துச் சொன்னார்.

"அன்னிக்கு இறங்கும்போது பாதியில நின்னேன்ல. கை விரல் கம்பியை விட மாட்டேன்னு பிடிச்சிக்கிச்சு. வலது கையால ஒவ்வொரு விரலா பிரிச்சு எடுத்தேன்."

அம்மா திரும்பிப் பார்த்தாள். "நான் கோபத்துல நிக்கிறீங்கன்னு நினைச்சேன்."

"கோபமும்தான்."

"முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல. எங்கிட்ட ஒரு வார்த்தை."

"சொன்னா இறக்கி விட்டுடுவே. எனக்கு வேற என்ன தெரியும், சொல்லு."

அம்மா மாத்திரைச் சீட்டை நாலாக மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள். எங்கள் பஸ் வந்து நின்றது. ஏறுகிறவர்கள் எல்லோரும் ஏறினார்கள். அப்பா நகரவில்லை, அவர் நகராததால் நாங்களும் நின்றோம். கண்டக்டர் எங்களைப் பார்த்து, வர்றீங்களா இல்லையா என்று கேட்டார். அப்பா எதிர்ச் சுவரையே பார்த்தார்; கண்டக்டர் விசில் அடிக்க, பஸ் எங்களை விட்டுவிட்டுக் கிளம்பியது.