நடுவில் ஒரு கதவு

சின்ன அறைக் கதவின் நடுவில் ஒரு சதுரத் திறப்பு இருந்தது. சாப்பாட்டுத் தட்டு சாயாமல் உள்ளே போகும் அகலம். அதன் கீழ்விளிம்பில் ஒரு சிறு பலகை நீட்டிக்கொண்டிருந்தது, டிக்கெட் கவுன்டரில் இருக்குமே, அதுபோல. தொற்று பரவத் தொடங்கிய நாட்களில் அவள் கணவன் அறுத்தது. மரவேலைப் பட்டறை நடத்துகிறவன் அவன். துளைதானே என்று விட்டுவிடாமல், கையில் சிலாம்பு ஏறாதபடி விளிம்பையெல்லாம் இழைத்து மெருகு போட்டிருந்தான்.

அவள் மருத்துவமனையில் பரிசோதனைக்கூடத்துக்குத் தலைமை. ஊரே மூக்கை நீட்டிக்கொண்டு வரிசையில் நின்ற காலத்தில், அத்தனை மூக்குகளின் சேதியும் கடைசியில் அவள் மேஜைக்குத்தான் வந்தது. கணவனுக்கோ சிறு வயதிலிருந்தே மூச்சிழுப்பு உண்டு. அதனால் வீட்டுக்கு வந்ததும் குளித்துவிட்டு நேராகச் சின்ன அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள். அவன் வெளியே ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, தட்டைத் திறப்பு வழியாகத் தள்ளுவான்.

"மேடம், சாப்பாடு வந்திருக்கு. சில்லறையா இருந்தா நல்லாருக்கும்."

"சார், இது சாப்பாடா, உங்க பட்டறைல மிச்சமானதா?"

"ருசி பாத்துட்டுத் திட்டுங்க. கவுன்டரை விட்டு நகர்ந்த பிறகு புகார் எடுத்துக்க மாட்டோம்."

அதுவரை அவர்கள் இப்படிப் பேசிக்கொண்டதே இல்லை. கல்யாணமாகி மகள் கல்லூரி விடுதிக்குப் போகும்வரை, வீட்டில் பேச்சு என்றால் பால் வந்ததா, பூட்டினாயா, சாவி எங்கே. முகம் பார்த்துப் பேசத் தெரியாத அந்த மனிதனுக்கு, ஒரு கதவின் மறைவு கிடைத்ததும் வாய் எங்கிருந்தோ முளைத்துவிட்டது. அவளுக்கும்தான். அவளுக்கு அவன் முகம் முழுதாகத் தெரியாது. பலகையில் ஊன்றிய கை மட்டும் தெரியும். அந்தக் கையோடு அவள் சிரித்தாள், சண்டை போட்டாள், ஒருநாள் அழவும் செய்தாள்.

அவள் அழுத அன்றுதான் அவன் வாக்குக் கொடுத்தான்.

"இது முடியட்டும். வெளிநாட்டுக்குப் போறோம். ராஜா ராணி மாதிரி தங்கறோம். நீ கையைக் காட்டற இடம்."

"விலை கேப்பீங்க."

"கேக்க மாட்டேன்."

"ஒரு டப்பா ஆணிக்கு அரை நாள் பேரம் பேசற ஆளு."

"அது தொழில். இது பொண்டாட்டி."

இப்போது முடிந்துவிட்டது. விமானங்கள் பறக்கின்றன. ஆணியில் தொங்கிய மாஸ்க்குகளில் தூசி படிந்துவிட்டது. ஆனால் அவள் இன்னும் சின்ன அறையில்தான் படுக்கிறாள். முதலில், இன்னும் கொஞ்ச நாள் பார்க்கலாம் என்றாள். பிறகு, நேரம் கெட்ட நேரத்தில் எழுந்து போகிறேன், உங்கள் தூக்கம் கெடும் என்றாள். பிறகு காரணம் எதுவும் சொல்லவில்லை. அவனும் கேட்கவில்லை. அவன் கேட்காததுதான் அவளை உறுத்தியது. 'வா' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், தலையணையைத் தூக்கிக்கொண்டு போயிருப்பாள். தோளுக்கு மேல் வளர்ந்த மகளை வைத்துக்கொண்டு, நான் அங்கே வந்து படுத்துக்கொள்ளட்டுமா என்று அவளாகப் போய் எப்படிக் கேட்பது? ஒருவேளை பெரிய கட்டிலில் தனியாகக் கை காலை நீட்டிப் படுத்து அவனுக்குப் பழகிவிட்டதோ என்னவோ.

அதனால் முழு நம்பிக்கையையும் அந்தப் பயணத்தின் மேல் வைத்திருந்தாள். ஓட்டல் என்றால் ஓர் அறை, ஒரு கட்டில். யாரும் யாரையும் கேட்க வேண்டியதில்லை. கடலோ மலையோ, அது அவளுக்கு அப்புறம்தான்.

இடத்தைத் தேர்ந்தெடுத்ததும் அந்தக் கதவில்தான். இப்போதெல்லாம் கதவு திறந்தே கிடந்தாலும், பேசுவதற்கு ஏதாவது இருந்தால் அவள் கட்டிலில் போய் உட்காருவாள்; அவன் கதவைச் சாத்திவிட்டு ஸ்டூலைப் போடுவான். இருவரும் அதை விசித்திரமாக நினைக்கவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை அவன் டேப்லட்டை இரண்டு பக்கமும் தெரியும்படி பலகையில் படுக்க வைத்தான். அவன் தங்கை டிராவல் ஏஜன்சி வைத்திருக்கிறாள்; இழுத்துப் பூட்டியிருந்த கடையைத் திறந்த கையோடு மூன்று ஓட்டல்களின் படங்களை அனுப்பியிருந்தாள்.

முதலாவது பனிமலை. கண்ணாடிக் கூரை. ஆவி பறக்கும் குளத்தில் ஆட்கள் கழுத்தளவு மூழ்கிக் கையில் பழரசத்தோடு சிரித்தார்கள்.

"நல்லாதான் இருக்கு," என்றாள். "அடில என்னமோ சின்ன எழுத்துல போட்டிருக்கே."

அவன் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு படித்தான். "இறங்கினதும் அஞ்சு நாள் ரூமை விட்டு வெளிய வரக் கூடாதாம். சாப்பாடு வாசல்ல வைப்பாங்களாம்."

"அதுக்கு நான் விமானம் ஏறணுமா? அவங்களுக்கு வேணும்னா நான் பாடம் எடுக்கறேன்."

இரண்டாவது பழைய அரண்மனை. தூண் வைத்த கட்டில், தங்கக் குழாய், வாசலில் தலைப்பாகையோடு பணியாளர்கள். அவன் கட்டில் படத்தை விரலால் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தான்.

"இது தேக்கு இல்ல. சாயம் அடிச்சு ஏமாத்தியிருக்கான்."

"பேரம் பேச மாட்டேன்னு சொன்னீங்க."

"பேரம் எங்க பேசினேன்? மரத்தைப் பத்தித் தகவல் சொன்னேன்."

"வேண்டாம். நான் கொட்டாவி விடறதைப் பாக்க நாலு பேரை நிக்க வச்சிருக்கான்."

மூன்றாவது கடல். தண்ணீருக்கு நடுவே மரக்கால்களில் நின்ற வில்லாக்கள். அறையின் தரையில் ஒரு பகுதி கண்ணாடி. கட்டிலிலிருந்து குனிந்தால் கீழே மீன் போவது தெரியுமாம். பின்வாசலைத் திறந்தால் படிகள் நேராகக் கடலுக்குள் இறங்கின. கதவுக்கு உள்ளேயிருந்து படங்களைத் தள்ளிக்கொண்டிருந்த அவள் விரல் அங்கே நின்றது.

"மேடம் கை நிக்குது," என்றான் வெளியிலிருந்து.

"இங்க போலாம்."

விலை இருந்த இடத்தை அவன் ஒரு கணம் பார்த்தான். எச்சில் விழுங்கியது அவளுக்கே கேட்டது.

"நான் ஒண்ணும் கேக்கல," என்றான். "தண்ணிக்குள்ள நிக்குதே, அது என்ன மரம்னு மட்டும் கேட்டுச் சொல்லச் சொல்றேன். தங்கச்சிகிட்ட நானே பேசிக்கறேன்."

அவள் தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு சிரித்தாள்.

அடுத்த வாரம் பாஸ்போர்ட்டுகளைக் கொடுக்க நாத்தனாரின் அலுவலகத்துக்குப் போனாள். புது பெயின்ட் வாசனை. ஜன்னலில் இருந்த செடி காய்ந்து போயிருந்தது. பக்கத்தில் பொம்மை விமானம் மட்டும் துடைத்துப் பளபளவென்று நின்றது. விலை கேட்டு மட்டும் தொலைபேசி ஓயாமல் அடித்துக்கொண்டிருந்தது. நாத்தனார் அதைக் கவிழ்த்து வைத்துவிட்டு, நாற்காலியைப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"அண்ணி, ஒண்ணு கேப்பேன், கோச்சுக்கக் கூடாது. உங்களுக்குள்ள ஏதாவது சண்டையா?"

"சண்டையா? எதுக்குக் கேக்கற?"

"அண்ணன் ரெண்டு ரூம் போடச் சொல்றான். பக்கத்துப் பக்கத்துல. நடுவுல கதவு இருக்கணுமாம்."

அவளுக்குக் காது சுட்டது.

"அதோட விட்டானா?" நாத்தனார் குரலைத் தாழ்த்தினாள். "அந்தக் கதவுல தட்டு போற அளவுக்கு ஒரு திறப்பு கிடைக்குமான்னு வேற விசாரிக்கச் சொன்னான். நானும் கேட்டுத் தொலைச்சேன். அந்த ஓட்டல்காரன் எத்தனையோ பணக்காரக் கிறுக்குகளைப் பாத்திருப்பான் அண்ணி. அவனுக்கே பேச்சு வரல. அப்புறம் ரொம்ப மரியாதையா, கூட வர்றது மனுஷங்கதானேன்னு கேட்டான்."

சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சிரித்து முடிக்கும்போது கண் கரித்தது. ஆக, பெரிய கட்டில் பழகித்தான் போய்விட்டது. கடல் தாண்டிப் போயும் ஒரு சின்ன அறை தனக்கு எடுத்து வைக்கப்பட்டிருக்கிறது.

"ரெண்டு ரூம் சேந்த வில்லா ஒண்ணுதான் மிச்சம். ஒத்தை ரூம்லயும் ஒண்ணுதான் இருக்கு. ஊரே அடைஞ்சு கிடந்த பசில பாயுது, சாயங்காலத்துக்குள்ள ரெண்டுமே போயிடும். எதைப் போடட்டும்?"

"எதையும் போடாதே," என்று எழுந்தாள். "நான் போன் பண்றேன்."

பட்டறையில் ரம்பம் அலறிக்கொண்டிருந்தது. மரத்தூளுக்காக அவன் எப்போதும் மாஸ்க் போடுகிறவன். ஊரே முகத்தை மூடியபோது, இப்போதுதான் உங்களுக்குப் புத்தி வந்ததா என்று கேலி செய்தவன். அவளை வாசலில் பார்த்ததும் ரம்பத்தை நிறுத்தினான். வேலை நேரத்தில் அவள் இங்கே வந்ததே இல்லை.

"என்னம்மா, உடம்புக்கு ஏதாவது?"

"ரெண்டு ரூம் எதுக்கு?"

அவன் கையிலிருந்த பலகையின் தூளைத் துடைத்தான். ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது.

"உனக்கு அந்த ரூம் பழகிடுச்சு," என்றான். "நானாக் கூப்பிட்டா, வேண்டாம்னு சொல்ல உனக்குச் சங்கடமா இருக்கும். காசு கொடுத்துக் கூட்டிட்டுப் போய் உன்னைச் சங்கடப்படுத்தணுமா?"

"எனக்குப் பழகிடுச்சுன்னு யார் சொன்னா?"

"நீ வரலியே."

"நீங்க கூப்பிடலியே."

ரம்பம் நின்ற அமைதியில், அந்த இரண்டு வார்த்தைகளும் பட்டறை நடுவே எதிரெதிரே நின்றன. மாஸ்க்குக்கு மேலே அவன் கண்கள் அவளையே பார்த்தன.

"சரி, திறப்பு எதுக்கு? ஓட்டல்காரன் நாம என்ன மிருகத்தைக் கூட்டிட்டு வரோம்னு பயந்து போயிருக்கான்."

அவன் உள்ளே போய் மேல் அலமாரியிலிருந்து துணி சுற்றிய எதையோ எடுத்துவந்தான். பிரித்தான். சதுரப் பலகை. கதவிலிருந்து அறுத்த அதே துண்டு. ஒரு கீறல் இல்லை.

"அறுத்தப்பவே பத்திரப்படுத்திட்டேன், திரும்ப வச்சு மூடணும்னு. அப்பப்ப எடுப்பேன். மெருகு போடுவேன். திரும்ப மேல வச்சிடுவேன்." பலகையின் ஓரத்தை விரலால் தடவினான். "எனக்கு உன் முகத்தைப் பாத்துப் பேச வராது. உனக்கே தெரியும். அந்தக் கவுன்டர்லதான் வந்துச்சு. அதை மூடினா நாம பழையபடி பால், சாவின்னு ஆயிடுவோமோன்னு..."

அவள் அவனைப் பார்த்துக்கொண்டே நின்றாள். எவ்வளவு பெரிய முட்டாள். தானும்தான். ஒரு வீட்டில் இரண்டு பேர், ஆளுக்கொரு பக்கம் காதை வைத்துக்கொண்டு, மற்றவர் முதலில் தட்டட்டும் என்று காத்திருந்திருக்கிறார்கள்.

"இப்ப எப்படிப் பேசினீங்க?" என்றாள்.

"எப்ப?"

"இவ்வளவு நேரமும். நடுவுல கதவைக் காணோமே."

அவன் திரும்பி, ஒரு கதவு இருக்கிறதா என்று தேடுகிறவன் போலப் பட்டறையைப் பார்த்தான். அவள் கைப்பையிலிருந்து போனை எடுத்தாள். அவன் முன்னாலேயே அழுத்தி, ஸ்பீக்கரில் போட்டாள்.

"சொல்லுங்க அண்ணி."

"ஒத்தை ரூம் போடு."

"கட்டில்?"

"ஒண்ணு. இருக்கறதிலயே பெரிசா."

"நடுக்கதவு, திறப்பு எல்லாம்?"

"வாசல் கதவு ஒண்ணு போதும். உள்பக்கம் தாழ் போடற மாதிரி இருக்கணும், அவ்வளவுதான்."

மறுமுனையில் நாத்தனார் எதையோ கீழே போட்ட சத்தம் கேட்டது. "அண்ணன் ஒத்துக்கிட்டானா?"

"எதிர்லதான் நிக்கறார். காதெல்லாம் சிவந்து போச்சு."

"போட்டுட்டேன்," என்றாள் நாத்தனார். "பூட்டியாச்சு. இனிமே அவனே நினைச்சாலும் மாத்த முடியாது. அண்ணி, ரெண்டு வருஷத்துக்கு அப்புறம் நான் விக்கிற முதல் டிக்கெட் இது. நல்லா இருங்க."

போனை வைத்ததும் அவன் மாஸ்க்கைக் கழற்றினான். முகம் முழுக்க, மாஸ்க் மறைத்திருந்த இடமெல்லாம், சிரிப்பு.

"கிளம்ப இன்னும் ஒரு மாசம் இருக்கே," என்றான்.

"ஆமா. அதுவரைக்கும் காத்துட்டிருக்கறதா உத்தேசமா? அந்தப் பலகையை எடுங்க. ஆணியையும் எடுத்துக்கோங்க."

வீட்டுக்கு வந்து அவன் உளிப்பெட்டியைத் திறந்தபோது ஜன்னலில் வெயில் இன்னும் இருந்தது. அவள் வழக்கம்போல உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். கடைசியாக ஒரு தடவை அவன் கை கவுன்டர் பலகையில் வந்து ஊன்றியது.

"மேடம், கவுன்டரை நிரந்தரமா மூடறோம். கடைசியா ஏதாவது வேணுமா?"

"ஒரு தலையணையை அந்தப் பக்கம் அனுப்பணும் சார்."

அவள் தலையணையைத் திறப்பில் வைத்துத் தள்ளினாள். அவன் அந்தப் பக்கமிருந்து இழுத்தான். பாதி வந்து சிக்கிக்கொண்டது.

"இதுல நுழையாது மேடம். இது தட்டு அளவுக்கு அறுத்தது."

"அப்ப கதவைத் திறங்க. நானே கொண்டு வரேன்."

ஓரங்களில் மெல்லிய மரச்சீவலை ஒட்டியதும், அறுத்த பலகை மயிரிழை இடைவெளி இல்லாமல் பொருந்தியது. கொஞ்ச நேரம் கழித்து மகள் விடுதியிலிருந்து வீடியோவில் அழைத்தாள். இந்த இரண்டு வருடங்களாக அம்மா ஒரு கட்டம், அப்பா ஒரு கட்டம் என்று பார்த்தே பழகியவள், திரையை உற்றுப் பார்த்தாள்.

"என்ன இது, ரெண்டு பேரும் ஒரே கட்டத்துல இருக்கீங்க? நெட்வொர்க் கோளாறா?"

"எல்லாம் சரியாத்தான் இருக்கு," என்றாள் அம்மா. போன் அவள் கையில் இருந்தது. பெரிய அறைக் கட்டிலின் நடுவில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். ஓரத்துக்குத் தள்ளப்பட்ட அப்பாவின் பாதி முகம்தான் திரையில் விழுந்தது. அந்தப் பாதி முகம் நிறுத்தாமல் பேசிக்கொண்டிருந்தது. கடலைப் பற்றி, கண்ணாடித் தரையைப் பற்றி, உப்புத் தண்ணீரில் அழுகாத மரம் எது என்பதைப் பற்றி.

"அப்பாவா இது?" என்றாள் மகள்.

"அதே ஆளுதான். நீ போனை வை. எனக்குப் பேச்சு இருக்கு."