திரும்பி வரும் சீர்

மீஞ்சூரில் மகள் அம்முவின் மாமியார் வீட்டுக்கு முன்னால், தோஸ்திடம் கேட்டு வாங்கி வந்த காரில் சீர்ப் பொருட்களை ஏற்றிக்கொண்டிருந்தார் பொன்னுரங்கம். உள்ளே கதவைச் சாத்திக்கொண்டார்கள். ஒரு கை பிடிக்க ஆள் வரவில்லை. கிரைண்டர் கல்லை உருளாதபடி போர்வையில் சுற்றி டிக்கியில் இறக்கினார். டிவியைப் பின்சீட்டில் தலையணைகளுக்கு நடுவே நிறுத்தினார். கூரைமேல் மெத்தையைப் போட்டு, படகுக் கயிற்றால் பல்லைக் கடித்து இழுத்துக் கட்டினார்.

"லூசா கட்டு நைனா. வழியில வுயுந்து தொலையட்டும்" என்றாள் அம்மு.

"கம்முனு குந்து. கல்யாணத்தப்பவும் இப்டித்தான் கட்டி எடுத்தாந்தேன். ஒரு கீறல் வுயுந்துச்சா?"

அவள் முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். கணவன் முறித்த கையில் மாவுக்கட்டு. சீட் பெல்ட்டை மாட்ட முடியாமல் தடுமாறினாள். அவரே குனிந்து, அந்தக் கையில் படாமல் மாட்டிவிட்டார்.

அப்போது முகத்துவாரக்குப்பத்திலிருந்து மனைவி புஷ்பவல்லி போன் செய்தாள். கை உடைந்ததை அவளிடம் இன்னும் யாரும் சொல்லவில்லை.

"இன்னாயா, எல்லாம் பத்திரமா கீதா?"

அவர் கயிற்றை ஒருமுறை இழுத்துப் பார்த்தார். அசையவில்லை.

"பொருளெல்லாம் பத்திரமா கீது" என்றார்.